தூள் எங்கே போகிறது?

மும்பையின் சிறு மரவேலைப் பட்டறைகளுக்குள் சிஎன்சி ரூட்டர் வந்து சேர்ந்ததைத் தொடர்ந்து அதற்கான துணைக்கருவிகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தூள் அகற்றும் டூல் ஹோல்டர். வெட்டும் பிட்டைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் கழுத்திலோ காலெட் நட்டின் மேலோ வட்டமாக விசிறி இதழ்கள் அமைந்திருக்கும். ஸ்பிண்டில் சுழலும்போது இதழ்களும் சுழலும். தனி மோட்டார் வேண்டாம். தனி மின் இணைப்பும் வேண்டாம். பிட் போகும் வழியெல்லாம் காற்று பாய்ந்து, வெட்டுப் பள்ளத்தில் தூள் தங்காமல் பார்த்துக்கொள்ளும்.

இதற்குச் சொல்லப்படும் விளம்பரம் சுருக்கமானது: தூள் கிளியர் ஆகிவிடும். இலக்கண நோக்கில் அது முற்றுப்பெறாத வாக்கியம். அகற்றுதல் என்னும் வினைக்கு ‘எதை’ என்பது மட்டும் போதாது. ‘எங்கிருந்து’, ‘எங்கே’ என்னும் இரண்டும் வேண்டும். பலகையிலிருந்து கிளப்பி அறைக் காற்றில் கலந்துவிடுவதும் அகற்றுதல்தான். பலகையிலிருந்து எடுத்துக் குழாய் வழியே பைக்குள் சேர்ப்பதும் அகற்றுதல்தான். முன்னதால் பலகைக்கு மட்டுமே நன்மை. பின்னதால் பலகைக்கும் மனிதருக்கும் நன்மை. ஆகவே ஹோல்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதன்று, பிட்டின் அளவைப் பற்றியதுமன்று. தூள் எங்கே போகிறது என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானதுதான். ஆனால் தாராவியில் அதன் கனம் வேறு. 90 அடிச் சாலையிலிருந்தும் 60 அடிச் சாலையிலிருந்தும் பிரியும் சந்துகளில் 10 அடிக்கு 15 அடி அறையில் ஒரு பட்டறை நடப்பது புதிதன்று. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஏறும் ரூட்டரை அந்த அறையில் வைத்தால் பாதி இடம் அதற்கே போய்விடும். மீதிப் பாதியில் பலகை அடுக்கும், கம்ப்ரசரும், வேலை செய்பவர்களும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககங்களில் பூஜை மாடத்தின் பின்னால் நிற்கும் எம்டிஎஃப் ஜாலி, கூடத்தின் நடுவே நிற்கும் தடுப்பு, நவராத்திரிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் கொலுப்படி ஆகியவற்றை வெட்டித் தருவன இவ்வகை இயந்திரங்களே. வீட்டுக்கு வந்து சேரும் ஜாலி துடைத்த கண்ணாடிபோல் இருக்கும். அதில் கோலமாகத் தெரியும் ஒவ்வொரு துளையிலும் முன்பு மரம் இருந்தது. அந்த மரம் எங்கோ போயிருக்க வேண்டும்.

எவ்வளவு மரம் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று. 18 மில்லிமீட்டர் கனமுள்ள எம்டிஎஃப் பலகையை 12 மில்லிமீட்டர் பிட்டால் முழு ஆழத்துக்கு வெட்டினால், ஒரு மீட்டர் வெட்டுக்கு 216 கன சென்டிமீட்டர் பொருள் தூளாகிறது. அப்பலகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 750 கிலோ என்று கொண்டால், மீட்டருக்கு 162 கிராம். ஒரு பலகையில் 25 மீட்டர் வெட்டு இருந்தால் ஏறத்தாழ 4 கிலோ. நாளொன்றுக்கு 10 பலகை வெட்டும் பட்டறையில் 40 கிலோ.

இந்த 40 கிலோவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் தூள். தரையில் விழும், கூட்டி அள்ளலாம், சாக்கில் கட்டலாம். மும்பைத் தச்சர்கள் ‘புராதா’ என்று அழைப்பது அதைத்தான். தமிழ் இவ்விடத்தில் ஒரு நல்ல வேறுபாட்டைக் காட்டுகிறது. விழுவது தூள், மிதப்பது தூசி. தூள் பட்டறையின் தொல்லை. தூசி நுரையீரலின் தொல்லை. பட்டறைகளில் பேச்செல்லாம் தூளைப் பற்றியே இருக்கிறது. ஏனெனில் அதுதான் கண்ணில் படுகிறது, வேலையைக் கெடுக்கிறது.

தூசியின் அளவு எவ்வளவு இருந்தால் அதிகம்? ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல் கடினமரத் தூசிக்கு வகுத்திருக்கும் வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். கடினமரத்தோடு வேறு மரத்தூசி கலந்திருந்தால் கலவை முழுவதற்கும் அதே வரம்பு. இதை ஓர் அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்வோம். 10 அடி உயரமுள்ள மேற்சொன்ன அறையின் கொள்ளளவு சுமார் 42 கன மீட்டர். அந்த அறைக் காற்று முழுவதும் வரம்பைத் தொடுவதற்குத் தேவையான தூசி 85 மில்லிகிராம். இரு விரல்களால் கிள்ளும் உப்பைவிடக் குறைவு. ஒரே ஒரு பலகையிலிருந்து எழும் 4 கிலோவில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்கு காற்றில் நின்றாலே போதும். காற்றோட்டம் இந்தக் கணக்கை மாற்றும் என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் சந்துப் பட்டறையில் காற்றோட்டம் என்பது பெரும்பாலும் ஒரு சுவர் விசிறியின் பெயர்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ‘95 விழுக்காடு தூள் அகற்றப்படும்’ என்ற வகை வாக்குறுதிகளைப் படிக்க வேண்டும். 4 கிலோவில் மிஞ்சும் 5 விழுக்காடு 200 கிராம். அதில் எவ்வளவு தரையில் விழும், எவ்வளவு மிதக்கும் என்பதை அந்த விழுக்காடு சொல்வதில்லை. எடையைக் கொண்டு அளந்தால் பெருந்தூளே வெல்லும். நோயைக் கொண்டு அளந்தால் நுண்தூசியே வெல்லும்.

நோய் என்பது அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்படும் சொல்லன்று. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்றோர் ஊர் உண்டு. நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அவ்வூரில் பணியாற்றிய காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட், மூக்கின் உட்பகுதியில் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோய் மரத்தளவாடத் தொழிலாளரிடம் மீண்டும் மீண்டும் வருவதைக் கவனித்தார். டொனால்ட் அச்செசன், ரொனால்ட் மாக்பெத் ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதற் பிரிவில் சேர்த்தது. எம்டிஎஃப் பலகையின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் இன்று அதே பிரிவில்தான் இருக்கிறது. தூசி மூக்கில் நுழைவதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழியலாம். 22 வயதில் தாராவியில் ரூட்டருக்கு அருகே நிற்பவர், நோய் தெரியும் காலத்தில் எந்த ஊரில் இருப்பார், அவருடைய பழைய வேலையை எந்த மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொள்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆஸ்துமா, மூக்கடைப்பு, தோல் அரிப்பு ஆகியவை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரம்பு என்பது 8 மணி நேர வேலைக்கு வகுக்கப்பட்டது. மீதி 16 மணி நேரம் தொழிலாளர் வேறொரு காற்றைச் சுவாசிப்பார் என்பது அதன் உள்ளார்ந்த எடுகோள். பட்டறையிலேயே சமைத்து, பட்டறையின் பரணிலேயே படுத்துறங்கும் வழக்கம் தாராவியில் இன்றும் இருக்கிறது. பகலில் கிளம்பிய தூசி இரவில் அவர்கள் மேல்தான் படிகிறது.

இனி ஹோல்டருக்கு வருவோம். விசிறி இதழ் கொண்ட ஹோல்டர்கள் அடிப்படையில் இருவகை. முதல் வகை காற்றைக் கீழ்நோக்கி ஊதுகிறது. வெட்டுப் பள்ளம் சுத்தமாகிறது. வெட்டிய தூளையே பிட் மறுபடியும் மறுபடியும் அரைப்பதில்லை. ஆதலால் முனை நெடுநாள் உழைக்கிறது, விளிம்பு கருகுவதில்லை. இந்த நன்மைகள் உண்மையானவை. அவற்றை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஊதப்பட்ட தூள் எங்கேயும் சேர்க்கப்படவில்லை, கலைக்கப்பட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் ஏர்கன்னால் மேசையை ஊதும் பழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு. கீழ்நோக்கி ஊதும் ஹோல்டர், அந்த ஏர்கன்னை வெட்டு நடக்கும் நேரம் முழுவதும் இயக்கிவைப்பதற்குச் சமம்.

இரண்டாம் வகை, இதழ்களின் சாய்வை மாற்றியமைத்து, வெட்டுமிடத்திலிருந்து காற்றை மேல்நோக்கி இழுக்கிறது. இழுத்த தூளை ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள உறிஞ்சு கூண்டுக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து குழாய், குழாயிலிருந்து டஸ்ட் கலெக்டர். இது தனியாக வேலை செய்யும் கருவியன்று. ஓர் அமைப்பின் முதற்படி. கூண்டும் குழாயும் கலெக்டரும் இல்லாத இயந்திரத்தில் இதைப் பொருத்தினால், தூளை முகமட்டத்துக்குத் தூக்கிவிடும் விசிறியாகவே அது முடியும்.

ஆகவே முதல் விதி இது: கூண்டும் உறிஞ்சலும் இல்லாத பட்டறை எந்த வகை விசிறி ஹோல்டரையும் வாங்கலாகாது. உறிஞ்சல் உள்ள பட்டறை மேல்நோக்கி இழுக்கும் வகையையே வாங்க வேண்டும்.

அடுத்து பார்க்க வேண்டியவை சில.

முதலாவது, உறிஞ்சும் திறன். மரத்தூள் குழாயில் படியாமல் ஓடுவதற்குக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமான கணக்கு. 100 மில்லிமீட்டர் குழாய் என்றால் மணிக்கு ஏறத்தாழ 565 கன மீட்டர் காற்று. 150 மில்லிமீட்டர் குழாய் என்றால் 1,270. விசிறி மேலே தள்ளும் காற்றைக் கூண்டு விழுங்க முடியாவிட்டால் அது தூரிகைப் பாவாடையின் இடுக்குகள் வழியே பக்கவாட்டில் பீறிடும். அப்போது விசிறியே கசிவுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, சுழற்சி வேகமும் சமநிலையும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழன்றால் இதழ்களின் நுனி நொடிக்கு 94 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மையத்திலிருந்து 40 மில்லிமீட்டர் தொலைவில் 1 கிராம் எடை வேறுபாடு இருந்தாலும், அது ஸ்பிண்டிலை ஏறத்தாழ 14 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கும். 24,000 சுற்றில் அது 25 கிலோவைத் தாண்டும். ஆகவே உச்ச சுழற்சி வேகம் பொறிக்கப்படாத ஹோல்டரையோ, சமநிலைச் சான்று தர இயலாத விற்பனையாளரையோ ஏற்கலாகாது. இதழ் ஒன்று உடைந்த விசிறியை ஒட்டிப் பயன்படுத்துவது தற்கொலைக்கு ஒப்பானது. இதழ்களுக்கிடையே பிசினும் தூளும் ஒட்டிக்கொண்டாலும் சமநிலை குலையும். ஆதலால் அன்றாடம் துடைக்க வேண்டும்.

மூன்றாவது, பொருத்தம். கருவி மாற்றி உள்ள இயந்திரங்களில் ஐஎஸ்ஓ 30, எச்எஸ்கே 63எஃப் போன்ற கூம்புகள் இருக்கும். எந்தக் கூம்பு என்பதை இயந்திரக் கையேட்டில் பார்த்த பின்பே வாங்க வேண்டும். விசிறி அகலமானது, கருவி மாற்றியில் பக்கத்து ஹோல்டரோடு இடிக்காத இடைவெளி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். சிறு பட்டறைகளில் பயன்படும் எளிய ஸ்பிண்டில்களில் ஹோல்டரே கிடையாது. பிட் நேராக ஈஆர் காலெட்டில் மாட்டப்படும். அவற்றுக்கு விசிறியோடு கூடிய நட்டுகள்தாம் பொருந்தும். கிளாம்ப் வைத்துப் பலகையை இறுக்குபவர்கள், இதழ் கிளாம்பில் மோதாத அளவுக்குப் பிட் வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோகத்தில் உலோகம் உரசிப் பொறி பறந்து, அது தூசி நிறைந்த குழாய்க்குள் போனால் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடும்.

நான்காவதாக, வாங்கும் முன் சோதனை. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு, வெட்டு நடக்கும்போது வலுவான டார்ச் ஒளியைக் குறுக்கே பாய்ச்சி, கண்ணில் நேராக ஒளி படாதவாறு மறைத்துக்கொண்டு, ஒளி வரும் திசையை நோக்கிப் பார்த்தால் சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நுண்தூசி புகைபோல் தெரியும். பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கையாளும் முறை இதுவே. சாதாரண ஹோல்டரில் ஒரு பலகை, விசிறி ஹோல்டரில் ஒரு பலகை வெட்டிப் பார்க்கலாம். தூசிப்படலம் குறைகிறதா கூடுகிறதா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். விற்பவர் இச்சோதனைக்கு உடன்படாவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

“மூன்று பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இவ்வளவும் கட்டுப்படியாகுமா?” என்பது நியாயமான மறுப்பு. மறுப்புக்கு விடை, செலவின் வரிசையை மாற்றுவதில் இருக்கிறது. காசில்லாமல் செய்யக்கூடியது முதலில். இரண்டு முனை கொண்ட பிட் 18,000 சுற்றில் நிமிடத்துக்கு 4 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு முனையும் சீவுவது 0.11 மில்லிமீட்டர், 12 மீட்டர் நகர்ந்தால் 0.33 மில்லிமீட்டர். சீவல் தடித்தால் தூசி குறையும். பலகையின் பிடிப்பும் இயந்திரத்தின் வலுவும் இடங்கொடுக்கும் அளவுக்கு நகர்வு வேகத்தைக் கூட்டுவதும், அது முடியாதபோது சுழற்சியைக் குறைப்பதும், மழுங்கிய பிட்டை மாற்றுவதும் எந்த ஹோல்டருக்கும் முந்திய தூசிக் கட்டுப்பாடு. அடுத்து, தூரிகைப் பாவாடையுள்ள கூண்டும் கலெக்டரும். கலெக்டரின் துணிப்பை நுண்தூசியைத் தடுக்காது. பெருந்தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூசியை அறைக்கே திருப்பித் தரும். குழாயைச் சந்துக்குள் நீட்டிவிடுவதும் தீர்வன்று. நான்கடிச் சந்தில் எதிரே இருப்பது இன்னொரு குடும்பத்தின் அடுப்படி. நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டிக்குச் செலவழிப்பதே முறை. ஏர்கன்னுக்கு மாற்றாக ஒரு வாக்குவம் கிளீனர். முகக்கவசம் இவற்றுக்குத் துணை, இவற்றுக்கு மாற்றன்று. விசிறி ஹோல்டரின் இடம் இத்தனைக்கும் பிறகுதான்.

சட்டம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையா என்றால், மிகத் தெளிவாகவே சொன்னது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியை வெளியேற்றும் சாதனம் தூசி பிறக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகே அமைய வேண்டும் என்றும், அவ்விடம் இயன்றவரை மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் விதித்தது. மேல்நோக்கி இழுக்கும் ஹோல்டரும் கூண்டும் சேர்ந்து செய்வது அதையே. ஆனால் மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அச்சட்டத்தின் பொது வரையறைப்படி அது தொழிற்சாலை. அதற்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. மூன்று பேர் நிற்கும் சந்துப் பட்டறை இரண்டு கணக்குக்கும் வெளியே. தூசிக்கு ஆட்களின் எண்ணிக்கை தெரியாது. சிறிய அறையில் அது இன்னும் அடர்த்தியாகவே இருக்கும்.

நடுவண் அரசின் மத்தியத் தொழிலாளர் நிறுவனம் சயானில் இருக்கிறது. தொழிலிடக் காற்றை அளப்பது அதன் வேலைகளுள் ஒன்று. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். மாட்டுங்காவில் விஜேடிஐ பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரு பட்டறையில் ஒரு வாரம் காற்றை அளந்து, எந்த ஹோல்டர் எந்தக் கூண்டோடு எவ்வளவு குறைக்கிறது என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் ஒற்றைப் பக்கத்தில் எழுதித் தருவது இவ்விரண்டுக்கும் பெரிய காரியமன்று. சட்டம் எட்டாத இடத்தை அறிவு எட்டலாம்.

இது பட்டறை உரிமையாளரின் நலனுக்கும் உரியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016ஆம் ஆண்டு வகைப்பாட்டில் மின்னியந்திரங்களால் செய்யும் தச்சுவேலை, மாசு குறைந்த பச்சைப் பிரிவில் வைக்கப்பட்டது. மறுசீரமைப்பின் பெயரால் தாராவியில் எந்தத் தொழில் நிற்கும், எது போகும் என்ற பேச்சு நடக்கும் இக்காலத்தில், தன் தூசியைப் பையில் காட்டக்கூடிய பட்டறைக்கு வாதாட ஓர் ஆதாரம் இருக்கும். சந்தெல்லாம் வெண்தூசி படியவிட்ட பட்டறைக்காக வாதாட அக்கம்பக்கத்தாரும் வரமாட்டார்கள்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஜாலிக்கு ஆர்டர் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. வடிவத்தையும் விலையையும் பேசும்போது இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்: “தூளை எங்கே சேர்க்கிறீர்கள், அண்ணே?” விடையாகப் பட்டறைக்காரர் பையைக் காட்டினால் அவரிடம் வேலையைக் கொடுக்கலாம். விலை சற்றுக் கூடியிருந்தாலும் கொடுக்கலாம்.